தேயாத டயர்

எஸ்டேட் முதலாளி வரதப்பனின் காரில் நாலு டயரும் மொட்டையாகிவிட்டன. மாற்றுவதற்காகப் போடி மலையடிவாரத்து டயர் கடைக்கு வந்தவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. காரைச் சுற்றி நடந்தார், அடுக்கியிருந்த டயர்களை உதைத்தார், வாட்சைப் பார்த்தார்.

“சேறு, பாறை எதுலயும் சறுக்கக் கூடாது. தார் ரோட்டுல சத்தம் வரக் கூடாது. தேயவே கூடாது. பத்து நிமிஷத்துல காட்டணும். இல்லேன்னா என் எஸ்டேட் ஜீப் எதுவும் இனி இங்க வராது.”

கடைக்காரர் டயர் அடுக்குகளை மாறி மாறிப் பார்த்தார். சேற்றைப் பிடிக்கிற டயர் ரோட்டில் இரையும். இரையாத டயர் சேற்றில் வழுக்கும்.

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஒச்சம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணு இருக்குங்கய்யா.”

“எங்கே? எடு.”

அவள் காரின் பின்பக்கம் போய் ஸ்டெப்னியின் உறையைக் கழற்றினாள்.

“இது சறுக்கினதில்லை, சத்தம் போட்டதில்லை. புது டயர்ல நீட்டிக்கிட்டிருக்கிற ரப்பர் முடிகூட உதிரலை பாருங்க.”

வரதப்பன் முறைத்தார். “இது ஓடவே இல்லையே.”

“ஓடணும்னு நீங்க சொல்லலீங்களேய்யா.”

கடைக்காரர் சிரிப்பை மறைக்கக் குனிந்து எதையோ தேடினார். வரதப்பன் அப்போதுதான் ஒரு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தார்.

“ஓடுற டயராவே காட்டும்மா. கொஞ்சம் சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது.”