போர்டு சொன்ன வேகம்

வெள்ளாட்டங்குளத்து வேலாண்டிக்கு முப்பத்தெட்டு வயசில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. பதினாறு வீட்டில் கேசரி தின்ற பிறகு பதினேழாவது வீட்டில்தான் சரி என்றார்கள். முகூர்த்தம் ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தம், காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆவணி வரைக்கும் பெண் வீட்டார் மனசு மாறாமல் இருப்பார்கள் என்று யார் ஜவாப்தாரி?

சொந்தபந்தமெல்லாம் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டது. மாப்பிள்ளையும், தாய்மாமன் கொம்பையாவும், சிநேகிதன் உய்க்காட்டானும் மட்டும் காலையில் வேனில் புறப்பட்டார்கள். ஓட்டியவன் மாசானம். நாலு பேரும் நல்லவர்கள். அதைத் தாண்டி அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தங்கள் ஊர்ப் பைபாஸில் போலீஸ்காரர்கள் முக்காலி வைத்து ஒரு போர்டு நிறுத்தியிருந்தார்கள். வருகிற வண்டியின் வேகத்தை அது சிவப்பு எழுத்தில் காட்டும். பக்கத்தில் நின்ற ஏட்டையா வேனை மடக்கினார்.

"எவ்வளவு வேகத்துல வந்தே தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார். உங்க போர்டு எழுபத்திரண்டுன்னு சொல்லிச்சு. நம்ம மீட்டரும் எழுபத்திரண்டு. ஒரு நூல் பிசகல. போன மாசம் அறுபத்தெட்டுன்னு சொல்லிச்சு, அறுபத்தெட்டுலதான் போனேன். அதுக்கு முந்தி எம்பதுன்னு சொல்லிச்சு, கஷ்டந்தான், ஆனாலும் எம்பதுல போனேன். ரெண்டு தடவையும் சலான் போட்டுட்டாங்க. என்னைய மாதிரி போர்டுக்குக் கட்டுப்பட்டவன் இந்த ரோட்டுல யாரு சார் இருக்கா?"

"இங்க நாப்பதுக்கு மேல போகக் கூடாதுய்யா!"

கொம்பையா மெதுவாக இறங்கி வந்தார். "சார், வண்டில நாலு பேரு இருக்கோம். எழுபத்திரண்ட நாலாப் பங்கு போட்டா ஆளுக்குப் பதினெட்டுதான் வருது. எங்கள்ல யாரு நாப்பதத் தாண்டுனது, நீங்களே சொல்லுங்க."

ஏட்டையா மூன்றாவது சலானை எழுதி நீட்டினார்.

"மாப்பிள்ளை வண்டியாச்சேன்னு விடுறேன். இன்னொரு தடவை மாட்டுனா வண்டி ஸ்டேஷனுக்குப் போயிரும். மாப்பிள்ளை நடந்துதான் போகணும். மண்டபம் போய்ச் சேர்ற வரைக்கும் போர்டைப் பாத்துக்கிட்டே ஓட்டு, புரியுதா?"

"புரியுது சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

மாசானம் சொன்ன சொல் தவறாதவன். கழுத்தைத் திருப்பிப் போர்டைப் பார்த்துக்கொண்டே வண்டியை முன்னால் ஓட்டினான். ஐம்பதடி போவதற்குள் வேன் வேலிக்கருவைக்குள் புகுந்தது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் முள் ஏறிவிட்டது.

"ரிவர்ஸ்ல போனா முகம் போர்டப் பாத்தபடியே இருக்கும்லா?" என்றான் உய்க்காட்டான். எல்லாரும் அவன் முதுகில் தட்டினார்கள். ஆனால் ரிவர்ஸில் ஒரு பர்லாங் போனதும் போர்டு பொட்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது.

"மண்டபம் இன்னும் முப்பது கிலோமீட்டர். அங்க இருந்து எப்படிடே தெரியும்?" என்று மாசானம் அழாத குறையாகக் கேட்டான்.

"மணி ஒம்பதரை ஆச்சுல!" என்று வேலாண்டி நிஜமாகவே அழுதான்.

கொம்பையா தொண்டையைச் செருமினார். "போர்டு நம்ம கூட வந்தா என்ன?"

அது ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள்! திரும்பிப் போய்ப் போர்டை மரியாதையாகத் தூக்கி, டிரைவரைப் பார்த்த மாதிரி வேனுக்குள் கட்டினார்கள். அரசாங்கத்து வேலை நின்றுவிடக் கூடாதே என்று உய்க்காட்டானை முக்காலி மேல் ஏற்றிவிட்டார்கள். அவன் வருகிற போகிறவர்களுக்கெல்லாம், "லாரி அறுபத்தஞ்சு! பைக்கு அம்பது! கீரைக்காரம்மா, நீங்க மூணுதான், தைரியமாப் போங்க!" என்று கூவ ஆரம்பித்தான். ஏட்டையா டீ குடித்துவிட்டு வந்து அவனை என்ன செய்தார் என்பதை நான் விசாரிக்கவில்லை.

வேன் கிளம்பியது. மாசானம் போர்டைப் பார்த்தான். சைபர். பயந்து பயந்து மிதித்தான். சைபர். முழுசாக மிதித்தான். அப்போதும் சைபர்தான்.

"இவ்வளவு மெதுவா நான் ஓட்டுனதே இல்ல" என்று அவன் நெகிழ்ந்துபோனான்.

சைபர் வேகத்தில் இரண்டு பஸ்ஸையும் ஒரு ஆம்புலன்ஸையும் முந்தினார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் கம்பத்து மேலிருந்து பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது. மின்னல் வெட்டுகிறது, மழை வரும் என்று கொம்பையா கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

பத்து மணிக்கு மண்டப வாசலில் வேன் நின்றது. மேளச் சத்தம் கேட்டது. பெண்ணின் அப்பா குத்தாலிங்கம் ஓடி வந்தார்.

"வாங்க மாப்ள, வாங்க! இறங்குங்க, நேரமாச்சு!"

வேலாண்டி இறங்கவில்லை. போர்டைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"மாமா, நாங்க இன்னும் கிளம்பவே இல்லையே! நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"என்ன மாப்ள சொல்லுதீய?"

"போர்டப் பாருங்க. அப்பவே புடிச்சு சைபர். வண்டி ஒரு அடி நகரல."

குத்தாலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போர்டை உற்றுப் பார்த்தார். போலீஸ் முத்திரை இருந்தது. "கவர்மென்ட் போர்டு பொய் சொல்லாதுலா" என்றார் மெதுவாக. பிறகு மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இது?"

"யாரோ எங்க ஊர்ல கல்யாணம் வச்சிருக்காக" என்றார் கொம்பையா. வாசல் பேனரில் வேலாண்டியின் படம் பெரிதாக இருந்தது. "மாப்பிள்ளை நம்ம மருமகன் சாடையாவே இருக்கான். நல்லா இருக்கட்டும்."

"ஐயையோ, அப்ப எம்மவ கல்யாணம்!" என்று குத்தாலிங்கம் அலறினார். உள்ளே ஓடி, மணவறையில் இருந்த மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வேனில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். மாசானம் வண்டியை எடுத்தான்.

பெண் மூச்சு வாங்க வேலாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண் பார்த்த அன்று இரண்டு பேரும் தரையைத்தான் பார்த்திருந்தார்கள். முழு அலங்காரத்தில் இருந்தவளைப் பார்த்து வேலாண்டி மரியாதையாக விசாரித்தான்.

"நீங்க எங்க போறீங்க?"

"எனக்கு இன்னைக்குக் கல்யாணம்."

"அடடே, எனக்கும் இன்னைக்குத்தான்!"

வேலாண்டி முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தட்டினான்.

"மாசானம், வெரசாப் போடே! வண்டில ரெண்டு முகூர்த்தம் இருக்கு!"