பாய்ச்சல் வயரும் சினை ஆடும்

கோணங்காட்டூர் வழியாக பஸ் போகும், நிற்காது. ‘பஸ் நிறுத்தம்’ என்று எழுதிய பலகையை யாராவது திருடிவிட்டால் என்ன செய்வது என்று ஊர்க்காரர்கள் அதைக் கோயில் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

அந்த ஊர் சடையாண்டி ஒரு வயர் கண்டுபிடித்தான். எப்படி என்று கேட்காதீர்கள், அவனுக்கே தெரியாது. மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு, குழந்தை தும்மி முடிப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பாய்ச்சல் வயர் என்று பேர் வைத்தான். கூட்டாளிகள் குப்பாண்டியும் பொன்னிருளனும் கைதட்டினார்கள்.

டவுன் வக்கீல் லைசென்ஸ் காகிதங்களை எழுதிக் கொடுத்து எச்சரித்தார். “லைசென்ஸ் இல்லாம ஒருத்தனும் சொருகக் கூடாது. வயர் சொருகுற இடத்துலயே லைசென்ஸ் கண்ணுல படணும். கிழிஞ்சா செல்லாது.”

மூவரும் அன்றைக்கே மைதாப் பசை காய்ச்சினார்கள். வயர் சொருகுகிற ஓட்டை மேலேயே லைசென்ஸை ஒட்டினார்கள். சொருக வேண்டுமென்றால் காகிதம் கிழியும், கிழிந்தால் செல்லாது. ஆக, ஆறு வருஷமாக ஒருத்தரும் சொருகவில்லை.

“ஒரு லைசென்ஸ்கூட கிழியல பாத்தியா, மாப்ள!” என்று சடையாண்டி பெருமைப்பட்டுக்கொண்டான்.

அதற்குள் உலகம் வேறு வேறு வயருக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர் வயர்களுக்கெல்லாம் பட்டியல் வைத்திருக்கிற பட்டணத்து ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. ‘தங்கள் வயர் இன்னும் புழக்கத்தில் உள்ளதா என்று பார்க்க அதிகாரி வருவார். இல்லையென்றால் பேர் நீக்கப்படும்.’

கடிதத்தைப் படித்துக் காட்டியது சடையாண்டியின் பெண்டாட்டி வெயிலுகந்தாள். வீட்டு முன்னறையை ஆறு வருஷமாக மூன்று கம்ப்யூட்டரும் ஒரு மின்விசிறியும் அடைத்துக்கொண்டிருக்க, அவள் சினை ஆடு கருப்பி மழையில் நனைந்துகொண்டிருந்தது.

“இந்தா பாருங்க, பட்டியல்ல இருந்து பேரு போச்சுன்னா, இந்த ரூம்புக்கு கருப்பி வந்துரும். நீங்க வேணும்னா அது இருந்த எடத்துக்குப் போயிக்கிடுங்க.”

சடையாண்டி அன்றைக்கு ராத்திரியே கருப்பி நின்ற இடத்தில் படுத்துப் பார்த்தான்.

அதிகாரி வந்தார், ஒரு மேடம். பஸ் நிற்காததால் அடுத்த ஊரில் இறங்கி நடந்தே வந்ததில் முகம் சிவந்திருந்தது.

“எங்க, சொருகிக் காட்டுங்க.”

“லைசென்ஸ் கிழிஞ்சிருமே மேடம்!”

“அப்ப எப்படித்தான் சொருகுறது?”

அந்தக் கேள்வி ஆறு வருஷத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. மூவரும் யோசிப்பதற்கு வெளியே போனார்கள். அறைக்குள்ளே யோசித்தால் யோசனை கம்ப்யூட்டருக்குள் போய்விடும் என்று பொன்னிருளனுக்கு பயம்.

“கம்ப்யூட்டர் ரெண்ட மூஞ்சிக்கு மூஞ்சி வெச்சா? தானா பேசிக்கிடாதா?” என்றான் பொன்னிருளன்.

“பேசும். ஆனா யாரு மொதல்ல ஆரம்பிக்கிறது? அதுக்கு ஒரு லைசென்ஸ் வேணும்ல?” என்றான் குப்பாண்டி.

இவர்கள் பேச்சைக் கேட்டு, முடிவு தெரிந்துவிட்டது என்று வெயிலுகந்தாள் கருப்பியை ஓட்டிக்கொண்டு வந்து முன்னறையில் கட்டிவிட்டாள். மேடம் மோர் குடிக்க அடுப்படிக்குப் போனார். எல்லோரும் திரும்பி வந்தபோது மூன்று கம்ப்யூட்டரும் பளபளவென்று இருந்தன. மைதாப் பசை ருசியில் கருப்பி அத்தனை லைசென்ஸையும் தின்றுவிட்டு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மேடம் வயரை எடுத்துச் சொருகினார். கல்யாண வீடியோ ஒரு நொடியில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

“அய்யோ! லைசென்ஸ் இல்லாம சொருகிட்டீங்களே!” என்று சடையாண்டி பாய்ந்து பிடுங்கிவிட்டான்.

“இரு மாப்ள,” குப்பாண்டி கையை நீட்டித் தடுத்தான். “லைசென்ஸ் எங்க போச்சு? ஆட்டுக்குள்ளதான இருக்கு. வக்கீல் கிழிக்கக் கூடாதுன்னுதான சொன்னாரு? இது கிழிக்கலையே, மென்னுச்சு.”

“அப்ப கருப்பிதான் லைசென்ஸு!” பொன்னிருளனுக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே ஆட்டை இழுத்து, சொருகுகிற இடத்தில் கண்ணில் படுகிற மாதிரி கட்டினார்கள். மேடத்துக்குத் திரும்பி நடக்க வேண்டிய தூரம் நினைவுக்கு வந்தது. பேனாவை எடுத்தார். ‘வயர் வேலை செய்கிறது. லைசென்ஸ் பார்க்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் உண்மை நகல் இரண்டு, கையெழுத்து வாங்கி ஆபீஸுக்குக் கொண்டுவரவும். தவறினால் பேர் நீக்கப்படும்.’

ஆட்டுக்கு நகல் எடுப்பது எப்படி என்று சடையாண்டி ஒரு மாதமாக இளைத்துப்போனான். கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கையில் கருப்பி இரண்டு குட்டி போட்டது.

“நகல்!” மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

தாயையும் குட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர் கையெழுத்துக்குப் போனார்கள். அவரும் கோணங்காட்டூரில் பிறந்தவர்தான். கண்ணாடியை மாட்டி, தாயை ஒரு பார்வை, குட்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

“என்னய்யா இது மோசடி? ரெண்டு நகல்லயும் நெத்தியில வெள்ளைப் புள்ளி இருக்கு. ஒரிஜினல்ல இல்லையே!”

மூவரும் வீட்டுக்கு ஓடினார்கள். சுண்ணாம்பைக் குழைத்துக் கருப்பியின் நெற்றியில் வட்டமாக ஒரு புள்ளி வைத்து, திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

“இப்ப சரி,” என்ற ஹெட்மாஸ்டர், குட்டிகளின் முதுகில் பச்சை மையால் ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு சீல் கட்டையை எடுத்தவர், கருப்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து அதைக் கீழே வைத்தார்.

“ஒரிஜினல் இன்னும் ஈரமா இருக்கே. காஞ்சதும் கொண்டாங்க, சீல் வெச்சுத் தாறேன்.”