நான்கு கால் சட்டம்

கோதண்டம் படங்களை மேசைமேல் விசிறியடித்தார். இரண்டு கீழே விழுந்தன. அவர் குனியவில்லை.

"பார்க்கிறப்போ கை நடுவுல இருந்துச்சு டீச்சர். படத்துல விரலையே காணோம். மிச்சம் இருக்கிறதும் புகை மூட்டமாட்டம் இருக்கு. இந்தக் கேமராவைத் தூக்கிப் பாலாத்துல கடாசிடலாம்னு வருது."

டீச்சர் என்று அவர் அழைத்த ஷமீமாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கோதண்டத்துக்கு ஃபிலிம் கேமராமேல் ஆசை வந்தது. பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷமீமாவின் ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தார். கோயில், மாடு, மழை என்று எதையெதையோ எடுத்தார். இப்போது அவருக்கு வேண்டியிருந்தது ஒரே படம். தங்கை பாக்கியத்தின் கை.

பாக்கியம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தாள். கையுறை கொடுக்காமல் குரோம் ரசாயனம் கலந்த தண்ணீரில் தோலை அலசச் சொன்னார்கள். விரல் கணுக்களில் ஆணி அடித்துப் பிடுங்கியதுபோல வட்ட வட்டமாகக் குழிகள் விழுந்தன. முதலாளி அதைச் சொறி என்றார். புகாரை விசாரிக்க வந்த அதிகாரியோ கோதண்டம் நீட்டிய செல்போனைப் பார்க்கவே இல்லை. போன் படத்தை யாரும் எப்படியும் மாற்றலாம், நெகட்டிவ் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அன்றிலிருந்து கோதண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஷமீமா கீழே கிடந்த படங்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கேமராவுல நீங்க கண்ணை வெச்சுப் பார்க்கிற ஜன்னல் ஒரு பக்கம். படம் பிடிக்கிற லென்ஸ் இன்னொரு பக்கம். தூரத்துல ரெண்டும் ஒண்ணைத்தான் பார்க்கும். கிட்டப் போனா ஆளுக்கொரு திக்குல பார்க்கும். ரொம்பக் கிட்டப் போனா இதுக்கு ஃபோகஸும் வராது."

"காரணம் எனக்கெதுக்கு? எதை மாட்டினா படம் வரும், அதைச் சொல்லுங்க."

அவள் அலமாரியிலிருந்து மூன்றை எடுத்து வைத்தாள். முதலாவது, லென்ஸின் முகப்பில் திருகும் ஒரு கண்ணாடி வில்லை. மாட்டினால் கிட்டத்தில் எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் தூரத்தை டேப் பிடித்து அளக்க வேண்டும். அடுத்தது, உள்ளே சாய்ந்த கண்ணாடி வைத்த கனமான பெட்டி. அதோடு நீளமான லென்ஸைச் சேர்த்தால், லென்ஸ் பார்ப்பதையே பார்த்தபடி நாலடி தள்ளி நின்றும் எடுத்துவிடலாம். கடைசியில் இருந்தது நான்கு கால் வைத்த ஒரு சட்டம். கால்களுக்கு நடுவே இருப்பதுதான் படத்தில் விழும். கால்கள் ஊன்றிய இடத்தில் ஃபோகஸ் தானே வந்து நிற்கும்.

கோதண்டம் பெட்டியைத் தொட்டார். ஷமீமா அதை நகர்த்திவிட்டுச் சட்டத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"இது என்ன, முக்காலிக்கு ஒரு கால் கூட முளைச்சாப்ல?"

"இதை எடுத்துட்டுப் போங்கண்ணா."

கோதண்டம் வீட்டுக்குப் போனபோது பாக்கியம் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கையைத் துடைச்சுக்கிட்டு வா. இதுக்குள்ளே வை."

அவள் அந்த நான்கு கால்களைப் பார்த்தாள். "வைக்க மாட்டேன்."

"உனக்காகத்தான்டி நாயா அலையறேன்!"

"எனக்காகவா? வளைகாப்பு வீட்டுல போனை எடுத்து என் கையைக் காட்டினே. டீக்கடையில காட்டினே. இப்போ பக்கத்து வீட்டுக்காரி என் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்கிறா, தெரியுமா? எடுக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டியாண்ணா? புண்ணு என்னுது. கோபத்தை மட்டும் நீ எடுத்துக்கினே."

கோதண்டம் கத்தினார். காலில் தட்டுப்பட்ட குடத்தை எட்டி உதைத்தார். பாக்கியம் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை சட்டம் மறுபடியும் ஷமீமாவின் மேசைக்கு வந்தது.

"இதை நீங்களே வெச்சுக்குங்க. அவ உள்ளே கையை வெச்சாத்தானே? பெட்டியைக் குடுங்க. பாத்திரம் கழுவுறப்போ வாசல்லேந்து எடுத்துக்கிறேன். அவளுக்குத் தெரியவே வேணாம்."

 ஷமீமா அவருடைய கேமராவில் புது ஃபிலிம் போட்டாள். பெட்டியையும் நீள லென்ஸையும் அதில் பொருத்தினாள். வெளிச்சத்தில் சரிபார்ப்பவள்போல வாசல்பக்கம் போனாள்.

கோதண்டத்துக்கு வாய் அடங்கவில்லை. முதலாளியைத் திட்டினார். அதிகாரியைத் திட்டினார். பாக்கியத்தையும் திட்டினார். திட்டிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்தது.

"என் கூடப் பொறந்தவ கை டீச்சர் அது... சாதத்தை உருட்டக்கூட முடியாம ஸ்பூன்ல சாப்பிடறா..."

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டை எடுத்தபோது 'டக்' என்று சத்தம் கேட்டது.

"என்னையா எடுத்தீங்க?"

"ஆமாண்ணா."

"நான் அழுததையா?"

"நல்லா வந்திருக்கும். தள்ளித்தானே நின்னேன். உங்களுக்குத் தெரியவே இல்லை."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "யாரைக் கேட்டு எடுத்தீங்க? மூஞ்சி என்னுது! டீச்சர்னா என்ன வேணா செய்வீங்களா?"

ஷமீமா கேமராவின் முதுகைத் திறந்தாள். ஃபிலிமை முழுதாக இழுத்து, படம் அழிந்துபோகும்படி வெயிலில் பிடித்தாள். பிறகு அந்தச் சுருளை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தபடி நின்றார்.  சுருளை மேசையில் வைத்துவிட்டு, எதையும் எடுத்துக்கொள்ளாமல் வெளியே போனார்.

வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "கேக்காம எடுத்தேன். கேக்காம காட்டினேன். தப்பு."

பாக்கியம் திரும்பவில்லை. "சாப்பிட வா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளே கேட்டாள். "அந்த டீச்சர் இடம் எங்கே இருக்கு?"

ஸ்டுடியோவில் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். பெட்டியைக் காட்டி, "இதுல தள்ளி நின்னு எடுக்கலாமா?" என்றாள்.

"எடுக்கலாம்" என்றாள் ஷமீமா.

"வேணாம். இதுல?"

"நீங்க உள்ளே கையை வெச்சாத்தான் எடுக்க முடியும்."

"அப்போ இதுதான்." அண்ணன் பக்கம் திரும்பினாள். "படம் என்கிட்ட வரணும். ஆபீசர்கிட்ட நான்தான் குடுப்பேன். அவரு என்ன சொல்றாருன்னு நான் கேட்டுக்கிறேன். உன்கிட்ட ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

கோதண்டம் தலையாட்டினார்.

ஷமீமா புது ஃபிலிம் போட்டு, சட்டத்தைக் கேமராவில் பூட்டிக் கோதண்டத்திடம் கொடுத்தாள். மேசையில் கறுப்புத் துணி விரித்தாள். பாக்கியம் கையை வைத்தாள். அவர் நான்கு கால்களையும் அதைச் சுற்றி இறக்கினார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, ஒவ்வொரு குழியின் ஆழத்தையும் காட்டியது. இவ்வளவு கிட்டத்தில் அவர் அதைப் பார்த்ததே இல்லை.

ரத்தம் தலைக்கு ஏறியது. சட்டத்தை அவர் இறுக்கிப் பிடித்ததில் அதன் கால்கள் மேசையில் கடகடத்தன. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, கேமராவின் ஜன்னலில் கண்ணை வைக்கப் போனார்.

"அதுல பார்க்காதீங்கண்ணா. சட்டம் மாட்டினா அதுக்கு வேலையில்லை."

"பின்னே நான் எங்கே பார்க்கிறது?" என்று சீறினார்.

"அவங்க முகத்தைப் பாருங்க" என்றாள் ஷமீமா.