ஆளில்லாத இலை

ஆவுடையப்பன் முப்பத்து நாலு வருஷம் அரசாங்கத்துக்காக ஊர் ஊராய் நிலம் அளந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே செண்பகவல்லி டீச்சரிடம் ஓவியம் கற்றுக்கொள்ளப் போய்ச் சேர்ந்தார். டீச்சருக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அதையெல்லாம் அவர் பார்க்கவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கைகட்டி நிற்பார். பக்தி முற்றினால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் அவர் வீட்டுச் சமையலறையைப் போய்ப் பார்க்க வேண்டும்.

டீச்சர் வரைந்தவற்றில் ஒரே ஒரு படத்துக்குத்தான் ஊர் உலகத்தில் பெயர். ஒரு கிராமத்துச் சமையற்கட்டு. மண் அடுப்பு, உறியில் சட்டி, கரி படிந்த சுவர். அதற்கு இந்தப் பக்கம் சாப்பிடும் இடம். சிவப்புத் தரையில் எதிரெதிராக இரண்டு மணைப்பலகை, இரண்டு இலை. ஒரு இலைக்கு முன்னால் ஒருவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிர் இலையிலும் ஆவி பறக்கச் சோறு. அங்கே ஆளில்லை.

ஆவுடையப்பன் அந்தப் படத்தைத் தன் வீட்டுக்குள் கட்டிவிட்டார். கிரானைட் மேடையை இடித்தார். டைல்ஸைப் பெயர்த்தார். படத்தின் மேல் அடிக்கோலை வைத்து அளந்து அளந்து, உறியின் உயரம் உட்பட எல்லாம் செய்து முடிக்க நாலு மாதம் ஆனது. முடித்துப் பார்த்தால் எதுவோ குறைகிறது. டீச்சரை ஒருநாள் மதியம் சாப்பிட வரச்சொன்னார்.

டீச்சர் வந்தபோது நடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஆவுடையப்பனின் மனைவி கோமதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஊருக்கா?"

"மதுரைக்கு, மக வீட்டுக்கு. மூணு மணி பஸ்ஸு."

"எப்ப வருவீங்க?"

"தெரியல டீச்சர். அங்கன்னா கூட உக்காந்து சாப்பிட ஆளு இருக்கு." சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் காதில் அது விழுந்தமாதிரி தெரியவில்லை. டீச்சரைச் சமையலறைக்குள் அழைத்துப் போனார். டீச்சர் சுற்றிப் பார்த்தார். அடுப்புக்குள் சாம்பல் இல்லை.

"இதுல சமைக்கிறதில்லையா, அண்ணாச்சி?"

"இதுலயா? தீ வச்சா சுவத்துல கரி படிஞ்சிரும்லா."

"சுவத்துலதான் ஏற்கெனவே கரி பூசியிருக்கீங்களே."

"அது நீங்க வரைஞ்ச கரி, டீச்சர்."

"அப்ப கோமதி எங்க சமைக்கா?"

"பின்னால ஒரு தகரம் போட்டு கேஸ் அடுப்ப வச்சிக் கொடுத்திருக்கேன். அவளுக்கு அது போதும்."

எனக்கென்னவோ இந்த இடத்தில் வயிறு எரிகிறது. டீச்சர் திரும்பிச் சாப்பிடும் அறைக்கு நடந்தார். மணைப்பலகைகள் இருந்தன. இலைகள் இருந்தன. இலைகளில் சுண்ணாம்புச் சாந்தில் செய்த சோறு, பருக்கை பருக்கையாக. ஆவுடையப்பன் அதற்கே மூன்று வாரம் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல," என்றார் அவர். "அந்த ஆளில்லாத இலை யாருக்கு? ஒரு பத்திரிகைல செத்துப்போனவங்களுக்குன்னு எழுதியிருந்தாங்க. இன்னொருத்தர் கடவுளுக்குன்னார். தெரிஞ்சா அந்தப் பக்கத்த அதுக்கேத்தமாதிரி செஞ்சிருவேன். வேற குறையே இல்ல."

பின்கட்டிலிருந்து கோமதியின் குரல் வந்தது. "ஏங்க, சோறு ஆறுது. டீச்சரக் கூட்டிட்டு வாங்க."

"இந்தா வாரேன்," என்றார் ஆவுடையப்பன். ஆனால் நகரவில்லை.

டீச்சர் எதிர்ப்பலகையில் போய் உட்கார்ந்தார்.

"எனக்குத்தான்."

"என்ன டீச்சர்?"

"அந்த இலை எனக்குப் போட்டது. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எங்க வீட்டுக்காரர் சமைச்சார். ரெண்டு இலையிலயும் பரிமாறிட்டு, வா, சேர்ந்து சாப்பிடுவோம்னு கூப்பிட்டார். ஆவி நல்லா எழும்பிட்டிருந்தது. சோத்துல கைய வச்சிராதீங்க, அப்படியே இருங்கன்னேன். இருந்தார்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல."

அளந்தே பழகியவர் இல்லையா, ஆவுடையப்பன் யோசித்தார். "ஆவி அவ்வளவு நேரம் நிக்காதே, டீச்சர்."

"அஞ்சு நிமிஷத்துல அடங்கிட்டுது. மிச்சத்த ஞாபகத்துல இருந்துதான் வரைஞ்சேன். அவர சாப்பிடச் சொல்லியிருக்கலாம். தோணல."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"நடுவுல ரெண்டு தடவை, பசிக்குதுன்னார்."

பின்கட்டிலிருந்து மறுபடியும் குரல் வந்தது. "நேரமாகுது. நான் சாப்பிடட்டா?"

"நீ சாப்பிடு," என்று ஆவுடையப்பன் வாயிலிருந்து வந்துவிட்டது. நாலு மாதப் பழக்கம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. டீச்சரின் முகத்தைப் பார்க்க முடியாமல் இலையைப் பார்த்தார்.

அப்படியே இந்தப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து போகலாம் என்று அவருக்குத் தோன்றியது. எந்த முகத்தோடு போவது என்றும் தோன்றியது. அதற்குள் பின்கட்டில் ஒற்றைத் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது.

ஆவுடையப்பன் எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

"பிறகு நீங்க சாப்பிட்டீங்களா, டீச்சர்?"

"சாப்பிட்டேன். படத்த முடிச்சிட்டு, ஆறின சோத்த, தனியா. அவர் அதுக்கு முன்னாலயே சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார்." டீச்சர் சாந்துச் சோற்றை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "புளிக்குழம்பு. ரொம்ப நல்லாருந்துச்சு, அண்ணாச்சி. அன்னிக்குப் பொழுதனைக்கும் அவர்ட்ட படத்தப் பத்தியே பேசிட்டிருந்தேன். அடுத்த வருஷம் அவர் தவறிட்டார். குழம்பு நல்லாருந்துச்சுன்னு நான் சொல்லவே இல்ல."