ஜெசிந்தாவின் உடைந்த திரை

"பயமா இருக்கு ஜெசிந்தா. ஞாயித்துக்கிழமை நான் கோட்டை விட்டுடுவேன்."

சேரலாதன் கடைசி வருஷம். அவனுக்கு கோடிங் போட்டிக்குச் சொல்லிக்கொடுத்த ஜெசிந்தா ரெண்டாம் வருஷம்தான். ஆனால் எங்க காலேஜில் அவளை மிஞ்ச ஆளில்லை. குரு அவள்தான், வேற வழி?

அவள் லேப்டாப் திரையின் வலது ஓரம் பூரா கறுப்பு இன்சுலேஷன் டேப். கீழே போட்டு உடைச்சிருப்பாள் என்று நாங்க எல்லாரும் பாவப்பட்டோம்.

ஞாயிறு அந்தப் போட்டிக்கான காலேஜ் டீம் செலக்‌ஷன். சேரலாதனுக்கு இதை விட்டால் இன்னொரு வருஷம் கிடையாது.

"தினமும் கணக்கு போடுறீங்களா அண்ணா?"

"சோறு தண்ணி இல்லாம போடுறேன். பிராக்டிஸ்ல எல்லாத்துக்கும் சரின்னு பச்சை விழுது. போட்டியில உக்காந்தா கை விறைச்சுப் போகுது. எங்க தொடங்குறதுன்னே தெரியல."

அவள் எழுந்து போர்டில் ஒரு கணக்கு எழுதினாள்.

ஒரு மர மில். குவியல் குவியலாக மரம். சாயங்காலத்துக்குள் எல்லாத்தையும் அறுக்கணும். மெஷினை எவ்வளவு மெதுவாக ஓட்டினால் போதும்?

சேரலாதன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவளிடமிருந்து மார்க்கரை வாங்கினான்.

"இது எந்த டைப்? அதை மட்டும் சொல்லேன்."

"ஞாயித்துக்கிழமை யாரைக் கேப்பீங்க?"

மார்க்கரைக் கீழே வைத்துவிட்டான். "என்னால முடியல." அழுதுவிடுவான் போல இருந்தது, பாவம்.

ஜெசிந்தா அவனுடைய லேப்டாப்பை இழுத்து, பயிற்சித் தளத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

அதே மர மில். போன மாசம் அவனே போட்டது. பச்சை.

வலது ஓரத்தில், எந்த வழியில் போடணும் என்ற குறிப்பு: பைனரி சர்ச், அதாவது பாதி பாதியாக ஒதுக்கித் தேடுவது. அந்தத் தளத்தில் எல்லாக் கணக்குக்கும் அப்படி ஒரு குறிப்பு உண்டு. போட்டியில் மட்டும் இருக்காது.

அதைப் படித்ததுமே விடை மொத்தமும் அவன் தலையில் ஓடிவிட்டது.

"ஐயையோ... அப்போ நான் இத்தனை நாள் போட்டதெல்லாம்?"

அவள் தன் லேப்டாப்பில் அதே தளத்தைத் திறந்து அவன் பக்கம் தள்ளினாள்.

"அடுத்ததை இதுல போடுங்க."

"இதுலயா? திரைதான் உடைஞ்சிருக்கே."

"யாரு சொன்னது?"

டேப்பின் முனையை நகத்தால் தூக்கிப் பார்த்தான். அடியில் ஒரு கீறல்கூட இல்லை. குறிப்பின் முதல் எழுத்து மட்டும் தெரிய ஆரம்பித்தது.

அவசர அவசரமாக அதைத் திரும்ப அழுத்தி ஒட்டினான்.