வைத்தியர் தலை சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில், ராஜா நினைப்பதெல்லாம் மறுநாள் காலையில் உண்மையாகிவிடும் ஒரு தேசத்தில், இருபத்தைந்து வயது ராஜா ஒருவர் இருந்தார். அவருக்கு யானைகள் நூறு, குதிரைகள் ஆயிரம், மீசையில் முடி இருபத்துமூன்று. எண்ணியது யாரென்று கேட்கக் கூடாது.

ஒருநாள் பக்கத்து தேசத்துத் தூதுவர் வந்தார். வாசலில் ஆட்டுக்கடா கொம்பு மாதிரி மீசை வைத்துக்கொண்டு நின்ற காவல்காரன் வடமலையைப் பார்த்தார். இவர்தான் ராஜா என்று முடிவுகட்டி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து முத்துமாலையைக் காலடியில் வைத்தார். பின்னால் வந்த ராஜாவிடம் குடையை நீட்டி, “தம்பி, இதைக் கொஞ்சம் பிடி” என்றார்.

அன்று சாயங்காலமே ராஜா ராஜவைத்தியர் அகோரநாதரைக் கூப்பிட்டார். “எனக்கு மீசை வேண்டும்” என்றார்.

“மகாராஜா, ஒரு மண்டலம் தினமும் சவரம் செய்துகொள்ள வேண்டும். சிரைக்கச் சிரைக்க ரோமம் தடிக்கும். அதன்பின் ஒரு மாதம் வளரவிட்டால் காடு போல வந்து நிற்கும். ஆனால் ஒன்று, சிரைக்கிற கை ராசியான கையாக இருக்க வேண்டும்.”

“அப்படிப்பட்ட கை யாருடையது?”

“நம் அரண்மனை நாவிதன் முத்திருளன் கைதான். இருபது வருஷமாக நான் அவனிடம்தான் சவரம் செய்துகொள்கிறேன். அதற்கு என் தலையே சாட்சி!”

அகோரநாதருக்கு முன்னந்தலை மழித்து, பின்னால் எலுமிச்சம்பழம் அளவில் குடுமி. முத்திருளன் மேல் அவருக்குக் கோபம் எதுவுமில்லை. கோபமெல்லாம் சபையைச் சிரிக்கவைக்கும் விகடன் உத்தண்டி மேல்தான். அவருடைய கூந்தல் தைலத்தை அரண்மனைக் கதவுக் கீலுக்குப் போட்டால் சத்தம் வராது என்று உத்தண்டி சபையில் சொல்லியிருந்தான். உத்தண்டிக்கு ஊரில் இருந்த ஒரே சிநேகிதன் முத்திருளன். விகடனைத் தொட்டால் ராஜாவுக்குப் பொழுதுபோகாது. நாவிதனைத் தொட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

சவரம் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் ராஜா மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். சொரசொரவென்றிருந்தது. “தடிக்கிறது!” என்றார். சபையில் பதினான்கு பேர் உடனே “தடித்துவிட்டது” என்றார்கள். மற்றவர்கள் கொஞ்சம் தாமதமாகச் சொன்னார்கள். அவர்கள் பெயரை யாரோ குறித்துக்கொண்டார்.

உத்தண்டி முத்திருளன் வீட்டுக்குப் போனான். “நெசமாவே தடிக்குதா?”

முத்திருளன் சாணைக்கல்லில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். “தானா வளந்த முடி நுனி ஊசி மாதிரி கூரா இருக்கும்ணே. கத்தி போட்டா நுனி போயிடுது, அடிக்கட்டை மட்டும் நிக்குது. தடவுனா முள்ளு மாதிரி இருக்கும். வளர விட்டா அதே பழைய முடிதான்.”

“இத ராஜாகிட்ட சொன்னியா?”

“அவரு கழுத்துப் பக்கத்துல என் கத்தி இருக்குறப்ப நான் எதச் சொன்னாலும் தப்பாத்தாண்ணே கேக்கும்.”

மண்டலம் முடிந்தது. வளரவிட்ட ஒரு மாதமும் முடிந்தது. ராஜா கண்ணாடி பார்த்தார். இருபத்துமூன்று. இந்த முறை அவரே எண்ணினார்.

அகோரநாதர் வருத்தமான முகத்தோடு எழுந்தார். “மகாராஜா, என் வைத்தியத்தில் குறையில்லை. இந்த நாவிதன் கை ராசி போய்விட்டது. ராசி கெட்ட கை நாட்டில் இருக்கக் கூடாது.”

“நாளை காலை இவனுடைய வலது கட்டைவிரலை வெட்டுங்கள்” என்றார் ராஜா. கட்டைவிரல் இல்லாமல் சவரக்கத்தியைப் பிடிக்க முடியாது. அது சபையில் எல்லோருக்கும் தெரியும். முத்திருளன் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும். அது யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் உத்தண்டி மறுபடி முத்திருளனிடம் போனான். “ஒண்ணு கேக்கணும். வாரா வாரம் வைத்தியருக்கு முன்னந்தல மழிக்கிறியே, விரிச்ச துணியில ஒரு முடிகூட விழுந்து நான் பாத்ததில்லையே. ஏன்?”

முத்திருளன் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். “என் முன்னால குனிஞ்ச தலையப் பத்தி நான் வெளிய பேசறதில்லண்ணே.”

“நாளைக்கு உன் வெரலு போகுதுடா!”

“போகட்டும். பேசறதில்ல.”

உத்தண்டிக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் சபையில் கட்டையும் கத்தியும் தயாராக இருந்தன. உத்தண்டி எழுந்து கைகட்டி நின்றான்.

“மகாராஜா, தண்டனை சரியானதே. ஆனால் சாட்சியை விசாரிக்காமல் தண்டிப்பது இந்தச் சபையின் வழக்கமல்லவே?”

“எந்தச் சாட்சி?”

“முத்திருளன் கை ராசியான கை என்பதற்குத் தன் தலையே சாட்சி என்று வைத்தியர் சொன்னார். அந்தத் தலை இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.”

“தலை எப்படியப்பா பேசும்?”

“கத்தி படாமல் விட்டால் தானே பேசும், மகாராஜா. முன்னந்தலையில் இருபது வருஷம் கத்தி பட்டிருக்கிறது. குடுமியில் படவே இல்லை. வைத்தியர் சொன்னது உண்மையானால் குடுமியைவிட முன்பக்கம் அடர்த்தியாக வர வேண்டும். ஒரு மண்டலம் அவகாசம் கொடுங்கள். அதுவரை கட்டைவிரல் எங்கே ஓடிவிடப்போகிறது?”

அகோரநாதருக்கு வியர்த்தது. “மகாராஜா, ஆசாரம் கெட்டுவிடும்...”

“கெடட்டும்” என்றார் ராஜா. அவருக்குப் பொழுதுபோக ஏதோ கிடைத்துவிட்டது.

நாற்பத்தெட்டு நாளும் வைத்தியர் தலைப்பாகையில்லாமல் சபைக்கு வர வேண்டும் என்று உத்தரவு. பத்தாம் நாள் பளபளவென்றிருந்தது. முப்பதாம் நாளும் அப்படியே. நாற்பத்தெட்டாம் நாள் ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து தடவிப் பார்த்தார். கழுவி வைத்த வெண்கலப் பானை போல இருந்தது. காதோரம் நாலு நரைமுடி.

பத்து வருஷமாக அங்கே மழிக்க ஒன்றுமே இல்லை. முத்திருளன் வாரந்தோறும் கத்தியின் முதுகால் வழித்து, தண்ணீர் தெளித்து, துடைத்து அனுப்பியிருக்கிறான். கூந்தல் தைலம் விற்கிறவர் மானம் போகக் கூடாதே என்று.

“பார்த்தீர்களா மகாராஜா! இவன் கைக்கு ராசியில்லை என்று நான் சொன்னேனே!” என்று கத்தினார் அகோரநாதர்.

“அப்படியானால் அன்று இந்தத் தலை சொன்னது பொய்ச்சாட்சி” என்றான் உத்தண்டி. “மகாராஜா, பொய்ச்சாட்சி சொன்ன தலைக்கு இந்த நாட்டில் என்ன தண்டனை?”

அன்றிலிருந்து அங்கேயே கிடந்த கட்டையை எல்லோரும் பார்த்தார்கள். தலைக்கும் தாராளமாக இடமிருந்தது.

“கை... கை ராசியான கைதான்” என்றார் அகோரநாதர்.

“பிறகு ஏன் வளரவில்லை?”

“சிரைத்தால் தடிக்காது, மகாராஜா. ஒருபோதும் தடிக்காது.”

ராஜா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கட்டைவிரலை விட்டுவிடச் சொன்னார். வைத்தியரையும் மன்னித்தார், ஏனென்றால் ராஜாவின் மலச்சிக்கலுக்கு வேறு ஆள் கிடையாது. உத்தண்டிக்குச் சரிகை போட்ட பட்டுச் சால்வை பரிசு. முத்திருளனுக்கு அவனுடைய விரலே பரிசு.

சிரித்து முடித்த ராஜா பழக்கதோஷத்தில் மேலுதட்டைத் தடவினார். சிரிப்பு நின்றது.

“அப்படியென்றால் எனக்கு இது வளரவே வளராதா?”

சபையில் யாருக்கும் காது கேட்கவில்லை.

“சரி. எனக்கு வளராதது யாருக்கும் வளரக் கூடாது. நாட்டில் ஒரு மீசை இருக்கக் கூடாது. வடமலையிலிருந்து ஆரம்பியுங்கள். கை ராசியான கைதானே, முத்திருளனே செய்யட்டும்.”

வடமலை குழந்தை மாதிரி அழுதான். பிறகு தெருத்தெருவாக வரிசை. கத்திக்குக் கீழே உதடு இருந்ததால் யாரும் ராஜாவைத் திட்டவில்லை. எழுந்துபோகும்போது முத்திருளனைத் திட்டினார்கள். “உன் கை விளங்குமாடா?” என்று ஒருவன் மண்ணை வாரித் தூற்றினான். மூன்றாம் நாள் அதே ஆள் உதட்டைத் தடவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரனிடம், “இந்தா பாருய்யா, முன்னைவிடத் தடிப்பா வருது” என்றான். பல்லக்கில் போய்க்கொண்டிருந்த அகோரநாதர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். தலைப்பாகை மறுபடி வந்திருந்தது.

பதினோராம் நாள் உத்தண்டியின் முறை வந்தது. விரித்துப் போடத் துணி மிச்சமில்லை. பட்டுச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். முத்திருளனின் கட்டைவிரல் வீங்கி, தோலுரிந்து சிவந்திருந்தது.

“வெரலு வலிக்குதுண்ணே” என்றான் முத்திருளன்.

“இருக்கறதாலதான்டா வலிக்குது” என்றான் உத்தண்டி. மேலுதட்டை இறுக்கி, முகத்தை நிமிர்த்திக் காட்டினான்.