ஆல்வின் பிந்தும் இடம்

"டீச்சர், ஆல்வினை அழிச்சிடலாமா?"

கேட்டவன் குணாளன். வேதநாயகி பலாச்சுளைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"ஆளையா, சத்தத்தையா?"

"சத்தத்தைத்தான்."

"நல்லவேளை. ஆள்னா போலீஸ் வரும். சொல்லுங்க."

குணாளன் சொன்னான். அதைக் கேட்பதற்கு முன், அவன் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சென்னையில் 'கருவேலம்' என்றொரு ராக் குழு இருந்தது. கிடார் மீட்டிப் பாடியவன் குணாளன். பேஸ் கிடார், ஆல்வின். டிரம்ஸ், இக்பால். பத்தாண்டுகள் ஒரே தட்டில் உண்ட மூவரும் இப்போது ஏலகிரி மலையில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, ஒலிப்பதிவுக் கருவிகளை ஏற்றி வந்து, தங்கள் இசைத்தட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதுவே கடைசி என்பது மூவருக்கும் தெரியும். ஆல்வின் ஆஸ்திரேலியாவில் அக்காள் வீட்டோடு குடியேறப் போகிறான். இக்பாலைச் சினிமா இசைக்குழு ஒன்று அழைத்துக்கொண்டது. குணாளனை யாரும் அழைக்கவில்லை. அவனுக்கு மிஞ்சப்போவது இந்த இசைத்தட்டு ஒன்றுதான்.

பகைக்குக் காரணம் ஒரு புகைப்படம். பத்திரிகையொன்றில் குழுவின் படம் வந்தபோது, ஆல்வின் நின்ற ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. வெட்டியது பத்திரிகை. ஆனால் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியது குணாளன்.

அன்றிலிருந்து பேச்சில்லை. ஒரே பங்களாவில் மூவருக்கும் மூன்று அறை, மூன்றும் சாத்தியிருக்கும். வாசிப்பதும் அவரவர் அறையிலிருந்தே. மற்றவர்களின் இசை காதில் மாட்டிய ஹெட்போன் வழியாக வரும். குழம்பில் உப்பில்லை என்றால்கூட, ஒலிப்பதிவாளர் மாசிலாமணி வழியாகத்தான் செய்தி போகும்.

வேதநாயகி குணாளனைவிட நான்கு வயது இளையவர். ஏலகிரியிலேயே குடியிருந்து குரல் பயிற்றுவிப்பவர். அவன் அவரை டீச்சர் என்று அழைத்தது மரியாதைக்காக அன்று. மெய்யாகவே அவரிடம் பாடம் கற்றுக்கொண்டிருந்தான். மூச்சு விடக் கற்றுக்கொண்டிருந்தான்.

இரண்டாண்டுக்கு முன் நெஞ்சில் நீர் கோத்து மருத்துவமனையில் கிடந்து எழுந்தவன் அவன். நீண்ட வரியை ஒரே மூச்சில் பாடும் வலு அதோடு போயிற்று. நண்பர்களிடம் அதைச் சொல்லவில்லை. பெருமை உள்ளவனுக்கு நோயைவிட அனுதாபம் பெரிய உபத்திரவம். மலைக்காற்று குரலுக்கு நல்லது என்று மாசிலாமணி வழியாகச் சொல்லி அவர்களை இங்கே வரவழைத்தான். காலையில் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று மாசிலாமணியிடம் சொல்லிவிட்டு இவரிடம் வந்தான்.

இனி அவன் முறையீடு.

ஆல்வின் பிந்துகிறான். ஒவ்வொரு பாட்டிலும் அல்ல. ஒவ்வொரு வரியிலும் அல்ல. உயிரான இடம் பார்த்து, வேண்டுமென்றே, ஒரு நூலிழை பின்தங்கி வருகிறான். பாட்டின் காலைப் பிடித்து இழுக்கிறான். ஊரைவிட்டுப் போகிறவன் வீட்டைக் கொளுத்திவிட்டுப் போகிறான். சென்னையிலிருந்து வேறொரு பேஸ்காரனுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. நாளைக் காலைப் பேருந்தில் வந்துவிடுவான். ஒலிநாடாவிலிருந்து ஆல்வினை அழித்துவிட்டால் அந்த இடத்தில் அவனைப் பதிந்துகொள்ளலாம்.

"அழிச்சா திரும்ப வருமா?"

"வராது, டீச்சர்."

"ஆல்வின் பிந்தறார்னு எப்படித் தெரியும்?"

"காதால கேக்கறேனே."

"காதுல என்ன கேக்குது?"

குணாளன் சற்று யோசித்தான். "என் குரல். அப்புறம் என் கிடார். அப்புறம் மத்ததெல்லாம்."

வேதநாயகி ஒரு சுளையை அவனிடம் நீட்டினார். கையில் எண்ணெய் தடவாமல் வாங்கிக்கொண்டான். விரல்கள் ஒட்டிக்கொண்டன.

"அழிக்கலாம்" என்றார் அவர். "அதுக்கு முன்னால ஒருதரம் நான் வந்து கேக்கறேன்."

பகல் பத்து மணிக்கு அவர் பங்களாவுக்கு வந்தார். மூன்று கதவுகளும் சாத்தியிருந்தன. அவர் எதையும் தட்டவில்லை. நேரே மாசிலாமணியிடம் போய், யார் காதுக்கு எதை அனுப்புகிறீர்கள் என்று விசாரித்தார்.

மாசிலாமணி நெளிந்தார். தம் சத்தத்தைக் கூட்டி, மற்ற இருவரையும் குறைத்து வைக்கும்படி ஒருவர் வந்து ரகசியமாகச் சொன்னாராம். மறுநாள் இன்னொருவர் அதையே சொன்னாராம். மூன்றாமவரும் வந்தாராம். மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்று மூவருமே சத்தியம் வாங்கிக்கொண்டார்களாம்.

"இப்ப யாருக்கு என்ன கேக்குது?"

"அவங்கவங்களுக்கு அவங்கவங்கதான் உரக்க, டீச்சர். மத்தவங்க மெலிசா."

"சரி. அவங்கவங்க சத்தத்தை அவங்கவங்க காதுலேர்ந்து எடுத்துடுங்க. மொத்தமா."

மாசிலாமணி அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டார்.

இசைத்தட்டின் மூன்றாவது பாட்டு தொடங்கியது. நான்கு தாளம் போவதற்குள் இரண்டு அறையிலிருந்து புகார். கருவி பழுதாகிவிட்டதா என்று ஆல்வின் விசாரித்தான். தான் கச்சேரிக்கு வந்தானா, அடுத்தவன் கல்யாணத்துக்கு மொய் எழுத வந்தானா என்று இக்பால் கேட்டான். குணாளன் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டதோடு சரி. யார் வேலை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வேதநாயகி மைக்கின் பக்கம் குனிந்தார்.

"கருவி நல்லா இருக்கு. இருக்கறதைக் கேட்டு வாசிங்க."

வாசித்தார்கள்.

தன் குரல் இல்லாத பாட்டு குணாளனுக்கு ஆளில்லாத தெருவாக இருந்தது. வாய் பாடியது, காதுக்கு எதுவும் வரவில்லை. பிறகு அந்தத் தெருவில் இரண்டு பேர் நடந்து வருவது கேட்டது. இக்பாலின் டிரம்ஸ். ஆல்வினின் பேஸ். இத்தனை அருகில் அவர்களை அவன் கேட்டு வெகுகாலமாயிற்று.

நான்காவது வரியின் நடுவே வழக்கம்போல் மூச்சு முட்டியது. யாருக்கும் தெரியாமல் ஒரு மிடறு காற்றைத் திருடினான்.

பேஸ் நின்றது.

அவன் காற்றை உள்ளிழுத்து முடித்தான். அடுத்த சொல்லை எடுத்தான். அந்தச் சொல்லின் அடியில் பேஸ் வந்து இறங்கியது. வழுக்கும் படியில் கால் வைப்பவனுக்குக் கை கொடுப்பதுபோல.

தனக்காகத்தான் நின்றதோ என்று குணாளனுக்குத் தோன்றியது. ஆனாலும் அவன் சுலபமாக நம்புகிறவன் அல்லன்.

இரண்டாம் சரணத்தில் வேண்டுமென்றே நீளமாக மூச்சு வாங்கினான். பேஸ் அவ்வளவு நேரமும் காத்திருந்தது.

மூன்றாம் சரணத்தில் மூச்சே வாங்கவில்லை. நெஞ்சு எரிய எரிய ஒரே பாய்ச்சலாகப் பாடினான். பேஸும் உடன் பாய்ந்தது.

பாட்டு முடிந்தது. குணாளன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தான். தன் கதவைத் திறந்தான். எதிர்க் கதவையும் திறந்தான்.

ஆல்வின் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னடா, மாசிலாமணிக்கு உடம்பு சரியில்லையா? நீயே வந்திருக்க."

"நாலாவது வரியில நீ பிந்தற."

"தெரியுமே. அழிக்கப் போறன்னு கேள்விப்பட்டேன். அழிச்சுக்கோ. பஸ்ஸுல ஒருத்தன் வர்றானாமே."

"எனக்கு மூச்சு வாங்குதுன்னு உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

ஆல்வின் பேஸின் கம்பிகளைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து நீ பாடின முதல் நாள்லேர்ந்து."

"ஏன்டா சொல்லல?"

"நீ சொல்லலையே."

வாசலில் இக்பால் வந்து நின்றான். அவனுக்கும் தெரியுமா என்று குணாளன் கேட்டான். ஆல்வின் நிற்கும்போது தானும் நிற்காவிட்டால் பாட்டு குடைசாய்ந்துவிடாதா என்று இக்பால் பதிலுக்குக் கேட்டான். பாடகனுக்கு மட்டும்தான் விஷயம் தெரியாது போலிருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டான்.

குணாளன் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிய அந்தப் படத்தை ஊருக்குப் போனதும் கழற்றிவிடுவதாகச் சொன்னான். சட்டம் நல்ல தேக்கு, அதை எறிந்துவிடாதே, வேறு படம் போடலாம் என்றான் ஆல்வின்.

மாசிலாமணியை அனுப்பிச் சென்னைக்காரனுக்குத் தொலைபேசியில் சொல்லச் சொன்னார்கள். வர வேண்டாம் என்று.

வேதநாயகி வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மூவரும் அவர் பின்னால் வந்தார்கள். மூவரும் ஒரே கதவு வழியாக வெளியே வந்தது மலைக்கு வந்தபின் அதுவே முதல் முறை.

"டீச்சர்" என்றான் குணாளன். குரலில் சிறுபிள்ளையின் ஆசை இருந்தது. "அப்ப நாங்க பிரிய மாட்டோம்தானே?"

வேதநாயகி ஆல்வின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு விமானம் என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமைங்க."

"உங்களுக்கு?"

"திங்கட்கிழமை காலையில சினிமா ரெக்கார்டிங்" என்றான் இக்பால், தரையைப் பார்த்து.

குணாளனின் முகம் வாடிற்று.

"இன்னைக்குச் செவ்வாய்தானே" என்றார் வேதநாயகி.